இனாம் காசுக்கு வரி போடலாமா?

(தளவாய்புரத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசுவதற்குக் கொடுக்கப்பட்ட விஷயம் பார்வைக்கு மிகவும் அற்பமானதாகத் தோன்றக் கூடியதாகும். ஓட்டலில் பரிமாறுகிறவருக்கும், முடி வெட்டுகிறவருக்கும், சிலிண்டர் தூக்கி வருகிறவருக்கும், பார்சல் கொண்டு வருகிறவருக்கும் ஜனங்கள் கொடுக்கிற பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குச் சர்க்கார் வரி போடலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. முன்பு இதை இனாம் என்றும், பக்ஷீஸ் என்றும் சொன்னார்கள். இப்போது டிப்ஸ் என்று சொல்லுகிறார்கள். பெயர் மாறிற்றே ஒழிய, கொடுக்கிறவன் கை மேலும், வாங்குகிறவன் கை கீழுமாக இருக்கிற நிலைமை மாறவில்லை.

இந்தக் கேள்வி இந்த ஊரில் ஏன் இப்போது கிளம்பிற்று என்றால், அதற்குக் காரணம் கைபேசிதான். சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்த சில்லறைக் காசு இப்போது பாங்குக் கணக்குக்குள் போகிறது. பைக்குள் இருந்தவரையில் அது எவனுக்கும் தெரியாது. கணக்கில் ஏறினால் சர்க்காருக்குத் தெரியும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் பல ஆயிரம் சிறு வியாபாரிகளுக்கு அவர்களுடைய யு.பி.ஐ. வரவைக் காட்டி வணிக வரி இலாகா நோட்டீசு அனுப்பிற்று. பெங்களூரில் பல கடைக்காரர்கள் அந்த ஒட்டுப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். அந்தச் சேதி வந்தது முதல், "எங்கள் கணக்கிலும் இப்படி ஐம்பதும் நூறுமாக வருகிறதே, எங்களுக்கும் நோட்டீசு வருமா?" என்று ஓட்டல் தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். கர்நாடகத்தில் கேட்டது வருமான வரி அல்ல. வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு விற்கிறவன் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிற சட்டத்தை வைத்துக் கேட்டது. பரிமாறுகிறவர் சரக்கு விற்கிறவரல்ல. வருமான வரியைப் பற்றிச் சொல்லுவதானால், ஒரு தோழருக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளமும், 5,000 ரூபாய் இனாமும் கிடைப்பதாக வைத்துக் கொள்ளுவோம். வருஷத்துக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது. 2025-26ஆம் நிதியாண்டின் புதிய முறைப்படி 4 லட்சம் வரையில் வரியே கிடையாது. 12 லட்சம் வரையில் வருகிறவருக்கும் தள்ளுபடி கொடுத்து வரியை இல்லாமலாக்கி விடுகிறார்கள். ஆகவே அந்தத் தோழர் இனாமைச் சேர்த்துக் கணக்குக் காட்டினாலும் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பயப்பட வேண்டிய அவசியமே இல்லை.

"அப்படியானால் இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். வரி இல்லை என்று கேட்டவுடன் எழுந்து போய்விடுகிற குணந்தான் நம் தொழிலாளர்களைக் கெடுத்திருக்கிறது. வரி வருமா, வராதா என்று பார்க்கிறவர்கள், அந்தக் காசு என்ன காசு, அது ஏன் இனாமாக வருகிறது, ஏன் கூலியாக வரவில்லை என்று பார்ப்பதில்லை. நாம் பேச வேண்டியது அதைத்தான்.

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். பெரிய பெரிய நட்சத்திர ஓட்டல்களில் சாப்பிடுகிறவர்கள் கார்டில் பணம் கட்டும்போது அதிலேயே டிப்ஸையும் சேர்த்துப் போடுவார்கள். ஓட்டல்காரர் அதை வாங்கி வைத்துப் பிறகு வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். "நீ கொடுப்பதால் இது சம்பளந்தான், சம்பளத்தில் வரி பிடித்துக் கட்டாமல் ஏன் கொடுத்தாய்?" என்று வருமான வரி இலாகா ஓட்டல்காரர்களைக் கேட்டது. 2011இல் டில்லி ஹைக்கோர்ட்டு இலாகாவின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. ஐ.டி.சி. கம்பெனி முதலிய ஓட்டல்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016 ஏப்ரல் 26ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றிற்று. டிப்ஸ் என்பது சாப்பிட வந்தவன் கொடுக்கிற காசு, முதலாளி கொடுக்கிறதல்ல. முதலாளி அதை வாங்கிக் கொடுக்கிற கைமாற்றுக்காரர் மாத்திரமே. ஆதலால் அது சம்பளமாகாது. முதலாளி வரி பிடிக்க வேண்டியதில்லை. தொழிலாளிதான் அதை "இதர வருமானம்" என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் எழுத்துப்படி இந்தத் தீர்ப்பில் தப்புச் சொல்லுவதற்கில்லை. ஆனால் இதன் பொருளைக் கவனியுங்கள். லாட்டரியில் விழுந்த காசும் "இதர வருமானம்". குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த காசும் "இதர வருமானம்". காலை 6 மணி முதல் இரவு 11 மணி வரையில் இலை போட்டு, தண்ணீர் வைத்து, எச்சில் எடுத்து, சாப்பிட வந்தவனுடைய கோபத்தையும் தாங்கிக் கொண்டு ஒருவர் சம்பாதிக்கிற காசும் "இதர வருமானம்"! வேர்வை சிந்தி வந்த காசும் சூதாட்டத்தில் வந்த காசும் ஒரே பெட்டிக்குள் போகின்றன. இப்படி ஆனதற்குக் காரணம் கோர்ட்டு அல்ல. வேலைக்கு உரிய கூலியை வேலை வாங்குகிறவன் கொடுக்காமல், வழியில் போகிறவன் தலையில் கட்டி விட்ட வழக்கந்தான் காரணம்.

அந்த வழக்கம் எங்கேயிருந்து வந்தது? வெள்ளைக்காரன் கொண்டு வந்தான் என்று சிலர் சொல்லுவார்கள். டிப்ஸ் என்கிற வார்த்தையை வேண்டுமானால் அவன் கொண்டு வந்திருக்கலாம். சங்கதி நம்மிடத்தில் அவன் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இருந்தது. நம் கிராமங்களில் துணி வெளுக்கிறவருக்கும், முடி வெட்டுகிறவருக்கும், செருப்புத் தைக்கிறவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்ததா? வருஷம் பூராவும் வேலை செய்துவிட்டு, அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் போய்த் துண்டை விரித்துக்கொண்டு நிற்பார்கள். மிராசுதார் மனம் வைத்து அள்ளிப் போடுகிற நெல்தான் அவர்களுக்கு. அந்த நெல்லுக்கு என்ன பெயர் தெரியுமா? "களத்துச் சுதந்திரம்" என்று பெயர். கைகட்டி நின்று வாங்குகிற பிச்சைக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த தேசம் இது! இது போதாதென்று, சாயங்காலம் ஆனால் வீடு வீடாகப் போய் ஊர்ச்சோறு வாங்க வேண்டும். அந்தச் சோறு சுடுசோறா, பழையதா என்று கேட்கிற உரிமை கிடையாது. ஒரு வீட்டில் கூடக் கொடுத்தால் "தர்மவான்" என்று புகழ வேண்டும். குறைத்துக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். செய்த வேலைக்குக் கூலி கேட்பது அகங்காரம் என்றும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிடுவதே குணம் என்றும் பழக்கிவிட்டார்கள்.

சரி, இப்படிப் பிச்சை போல் வாங்கினவர்களிடம் அக்கால அரசர்கள் வரி வாங்காமல் விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். தறிக்கு வரி, "தறியிறை". வண்ணார் துணி துவைக்கிற கல்லுக்கு வரி, "வண்ணாரப்பாறை". தட்டாருக்கு வரி, "தட்டாரப்பாட்டம்". குயவருக்கு வரி, "குசக்காணம்". அதே காலத்தில் பார்ப்பனர்களுக்கு விடப்பட்ட பிரமதேய நிலங்களுக்கும், கோவில் நிலங்களுக்கும் ஏராளமாக "இறையிலி" என்று எழுதி, வரி நீக்கம் கொடுத்திருக்கிறார்கள். துணி துவைக்கிற கல்லுக்கு வரி உண்டு, மந்திரம் சொல்லுகிறவனுடைய நஞ்சைக்கு வரி இல்லை என்றால், அந்த வரி எந்த நியாயத்தின்மீது போடப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். வரி என்பது எப்போதும் கணக்குப் பார்த்து மாத்திரம் போடப்பட்டதல்ல. யாருடைய காசுக்கு மரியாதை உண்டு, யாருடைய காசுக்கு மரியாதை இல்லை என்பதையும் பார்த்துப் போடப்பட்டதாகும்.

இன்றைக்கும் அந்தப் பேதம் அடியோடு போய்விட்டதாகச் சொல்ல முடியாது. ஒரே கோவிலுக்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் தட்டு நீட்டுகிறார். இன்னொருவர் மொட்டை அடிக்கிறார். தட்டில் விழுகிற காசுக்குத் தட்சணை என்று பெயர். மொட்டை அடித்தவர் இருபது ரூபாய் கேட்டால் அதற்கு "அடாவடி வசூல்" என்று பெயர். பக்தர்களிடம் மொட்டைக்குக் கட்டணமே வாங்கக் கூடாது என்று 2021இல் தமிழ்நாடு சர்க்கார் உத்தரவு போட்டு, அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஏற்பாடு செய்தது. செய்தது நல்ல காரியமே. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விஷயம். 2025 பிப்ரவரியில் மதுரையில் ஒரு முருகன் கோவில் நிர்வாக அதிகாரி, அர்ச்சகர்கள் தட்டில் விழுகிற காசை உண்டியலில் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பெரிய கூச்சல் கிளம்பிற்று. சுற்றறிக்கை வாபஸ் ஆயிற்று. முடி வெட்டுகிறவரின் இனாமை நிறுத்தியபோது கிளம்பாத கூச்சல், தட்டுக் காசைத் தொட்டபோது ஏன் கிளம்பிற்று என்று கேட்கின்றோம். அர்ச்சகருக்கும் சரியான சம்பளம் இல்லை, அதனால்தான் தட்டை நம்புகிறார் என்று பதில் சொல்லுகிறார்கள். அது உண்மையாக இருந்தால், நாம் சொல்லுவதும் அதுதான். சம்பளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டுத் தட்டையும் எடுத்துவிடுங்கள், கத்தி பிடிக்கிறவர் கையேந்துவதையும் நிறுத்திவிடுங்கள்.

தட்சணை மனமுவந்து கொடுப்பது, அதற்கு வரி கேட்கலாமா என்று ஒரு வாதம் உண்டு. இந்த வாதம் கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லுகிறோம். திருவாங்கூரில் போலீசு சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ண மேனன் என்பவர் வேதாந்தம் சொல்லிக் கொடுத்து வந்தார். காசு கேட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் லெவி என்கிற ஒரு வெளிநாட்டுச் சீடர் அவருக்கு லட்சக்கணக்கில் பணம் கொடுத்தார். வருமான வரி இலாகா பங்கு கேட்டது. "இது பக்தியால் கொடுத்த காணிக்கை, சம்பாத்தியம் அல்ல" என்று அவர் வாதாடினார். 1958இல் சுப்ரீம் கோர்ட்டு, வேதாந்தம் கற்பிப்பதும் ஒரு தொழிலே, அந்தத் தொழிலின் பலனாக வந்த பணம் வருமானமே, வரி கட்டத்தான் வேண்டும் என்று தீர்த்துவிட்டது. இங்கிலாந்திலும் 1947இல் ஒரு டாக்ஸி டிரைவர் வழக்கு வந்தது. வண்டியில் வந்தவர்கள் கொடுத்த டிப்ஸ் வேலையின் காரணமாக வந்தது, ஆகவே வரிக்கு உட்பட்டது என்று தீர்ப்பாயிற்று. இதில் ஒரு வேடிக்கை. அதே தேசத்தில் 1927இல் ஜேம்ஸ் சேமூர் என்கிற கிரிக்கெட்டு விளையாட்டுக்காரருக்காக ஆட்டம் நடத்தி வசூலித்துக் கொடுத்த பெருந்தொகை "அன்பளிப்பு", அதற்கு வரியில்லை என்று பிரபுக்கள் சபை சொல்லியிருந்தது. மட்டை பிடித்தவருக்குக் கிடைத்தது அன்பளிப்பாம், வண்டி ஓட்டினவருக்குக் கிடைத்தது வருமானமாம்!

ஆகவே கொள்கையளவில் நம்முடைய அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இனாமும் வருமானந்தான். மற்ற வருமானத்துக்கு உள்ள வரம்பும் விகிதமும் அதற்கும் இருக்க வேண்டியதே. அதற்கென்று தனிச் சலுகை கொடுப்பது நியாயமாகாது. இதைக் கேட்டு ஓட்டல் தோழர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. உங்கள் ஊரையே பாருங்கள். இந்தத் தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடுகிறது. இங்கே தைக்கிற நைட்டியும் உள்பாவாடையும் எத்தனையோ ஊர்களுக்குப் போகின்றன. முதுகு ஒடிய உட்கார்ந்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, ஒரு தாயார் மாதம் 15,000 ரூபாய் சம்பாதிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அவருக்கு எவனாவது டிப்ஸ் கொடுக்கிறானா? எங்கேயோ ஒரு பட்டணத்தில் அந்த நைட்டியை வாங்கி உடுத்துகிறவர், "தையல் நேர்த்தியாக இருக்கிறது, இந்தா இருபது ரூபாய்" என்று அனுப்பி வைக்கிறாரா? அவருடைய கூலி முழுவதும் கணக்கில் வரும். பரிமாறுகிறவருடைய 15,000இல் 5,000 கணக்கில் வராது என்றால், ஒரே அளவு உழைத்து ஒரே அளவு சம்பாதிக்கிற இரண்டு பேருக்கு இரண்டு நீதி என்றுதானே ஆகும்? முகத்தைக் காட்டி வேலை செய்கிறவனுக்கு ஒரு சட்டம், மூலையில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு ஒரு சட்டமா?

இந்த இடத்தில் அமெரிக்காவின் சங்கதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே 2024 தேர்தலின்போது டிரம்ப் அவர்கள் லாஸ் வேகாஸ் என்கிற ஊரில் போய், "டிப்ஸுக்கு வரியில்லை" என்று வாக்குறுதி கொடுத்தார். அது ஓட்டல்களும் சூதாட்ட விடுதிகளும் நிறைந்த ஊர். ஓட்டல் தொழிலாளர் ஓட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸ் அம்மையாரும் இரண்டு மாதத்தில் அதையே சொன்னார். மற்ற எல்லாவற்றிலும் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் இதில் மாத்திரம் ஒன்றாகி விட்டார்கள். 2025 ஜூலை 4ந் தேதி சட்டமும் ஆயிற்று. 2025 முதல் 2028 வரையில் வருஷத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம்.

இரு கட்சியாரும் ஒன்றாகக் கொடுக்க முன்வந்த இந்தத் தயாளம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள், சட்டம் வருவதற்கு முன்பே மத்திய சர்க்காருக்கு வருமான வரி கட்ட வேண்டாத அளவுக்கு ஏழைகள். அவர்களுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு சென்ட் லாபம் இல்லை. அவர்களுக்கு எதனால் லாபம் வரும்? கூலியை உயர்த்தினால் வரும். அதை யாரும் தொடவில்லை. அந்தத் தேசத்து மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் வாங்காத தொழிலாளிக்கு மணிக்கு 7 டாலர் 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும்; மீதியை டிப்ஸ் ஈடு கட்டாதபோதுதான் முதலாளி கைப் பணம் போட வேண்டும். இந்த 2 டாலர் 13 சென்ட் 1991இல் நிர்ணயிக்கப்பட்டது. புதுச் சட்டம் வந்தபோதும் அதேதான். கலிபோர்னியா, வாஷிங்டன் முதலிய ஏழு மாகாணங்கள் மாத்திரமே, டிப்ஸைக் கூலியில் கழிக்கக் கூடாது என்று சட்டம் செய்திருக்கின்றன.

இந்த அநியாயத்தின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? அடிமைத்தனத்தில் இருக்கிறது. உள்நாட்டு யுத்தம் முடிந்து நீக்ரோ அடிமைகள் விடுதலையானவுடன், புல்மேன் என்கிற முதலாளி தன் படுக்கை ரயில் வண்டிகளில் வேலை செய்ய அவர்களையே தேடிப் பிடித்தான். அடிமையாகப் பழகியவன் கும்பிட்டு வேலை செய்வான், சம்பளம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும், மீதியைப் பிரயாணி கொடுப்பான் என்பது அவன் கணக்கு. பிரயாணிகள் அந்தத் தொழிலாளிகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? எல்லோருக்கும் ஒரே பெயர், "ஜார்ஜ்". முதலாளி பெயர் ஜார்ஜ் புல்மேன். அடிமைக்கு எஜமான் பெயரே பெயர் என்கிற பழைய வழக்கப்படி. நம் ஓட்டல்களில் நரைத்த தலையோடு வந்து நிற்கிறவரை, இருபது வயதுப் பையன் "ஏய் தம்பி, தண்ணி கொண்டா" என்று கூப்பிடுகிறானே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் எவ்வளவு?

அந்த ஜார்ஜுகள் 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ப் என்பவர் தலைமையில் சங்கம் வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி, 1937இல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மாதம் 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணியாகக் குறைந்தது, கூலி உயர்ந்தது. அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். இனாமைக் கூட்டிக் கொடு என்று பிரயாணியைக் கேட்கவில்லை. இனாமுக்கு வரியை எடு என்று சர்க்காரைக் கேட்கவில்லை. கூலியைக் கொடு, மணியைக் குறை என்று முதலாளியைக் கேட்டார்கள்.

நிற்க, நம் கணக்குக்குத் திரும்புவோம். அந்த 10,000 ரூபாய்ச் சம்பளத்தையும் 5,000 ரூபாய் இனாமையும் எடுத்துக் கொள்ளுங்கள். அந்த 5,000மும் சம்பளமாகவே கொடுக்கப்பட்டால் என்ன நடக்கும்? வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12 வீதம் 600 ரூபாய் போட வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு மூன்றே கால் வீதம் 162 ரூபாய் 50 காசு போட வேண்டும். இரண்டும் சேர்ந்து மாதம் 762 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு 9,150 ரூபாய். இருபது வருஷம் வேலை செய்துவிட்டு நின்றால், பணிக்கொடையில் இந்த 5,000க்கு மாத்திரம் 57,692 ரூபாய் சேர வேண்டும். காய்ச்சலில் படுத்தால் ஈ.எஸ்.ஐ. சம்பளத்தில் நூற்றுக்கு 70 கொடுக்கிறது, எதில் 70? எழுத்தில் உள்ள 10,000இல்தான். படுத்திருக்கிறவருக்கு எவன் வந்து டிப்ஸ் கொடுப்பான்? ஆகவே இனாம் என்பது தொழிலாளிக்குக் கூடுதலாகக் கிடைப்பது போலத் தோன்றினாலும், அவருடைய நோய்க்கும் முதுமைக்கும் சேர வேண்டியதை அது மெதுவாகத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த 5,000 ரூபாய்ச் சம்பளமும் முதலாளிக்கு மிச்சம், அதன்மேல் போட வேண்டியதும் மிச்சம். இப்படிப்பட்ட இனாமுக்குச் சர்க்கார் வரிச் சலுகையும் கொடுக்க ஆரம்பித்தால், முதலாளி என்ன சொல்லுவான்? "சம்பளம் எதற்கப்பா? அதற்குப் பிடித்தம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. டிப்ஸுக்கு ஒன்றும் இல்லை. அதிலேயே பிழைத்துக்கொள்" என்பான்.

இதற்கும் ஒரு தடை உண்டு. வைப்பு நிதிச் சட்டம் 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்துக்கும், ஈ.எஸ்.ஐ. 10 பேருக்குக் குறையாமல் உள்ள இடத்துக்குந்தான் பொருந்தும். இந்த ஊர்ப் புரோட்டாக் கடையிலும் டீக்கடையிலும் நாலு பேர், ஐந்து பேர். அவர்களுக்கு இரண்டுமே இல்லை. ஆனால் குறைந்தபட்சக் கூலிக்கு அந்த மாதிரித் தலைக்கணக்கு கிடையாது. 1948ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்தே அது எண்ணிக்கை பார்க்காத உரிமை. 2025 நவம்பர் 21ந் தேதி அமுலுக்கு வந்த புதிய கூலிச் சட்டத்தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. அதைக் கேட்காதபடி நம் வாயை அடைத்து வைத்திருப்பது இந்த இருபது ரூபாய்தான். "உனக்குத்தான் டிப்ஸ் வருகிறதே" என்கிற ஒரு வார்த்தைக்கு நம்மவர்கள் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள்.

சிலிண்டர் கொண்டு வருகிற தோழர்கள் விஷயத்திலும் இதே கதைதான். வீட்டுக்காரர் "பில்லுக்கு மேல் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்கிறார், கொண்டு வந்தவர் "மூன்று மாடி ஏறினேனே" என்கிறார். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். கம்பெனி ஏஜண்டுக்குக் கொடுக்கிற கமிஷனில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான தொகையும் அடங்கியிருக்கிறது. அது மாடி ஏறினவர் கைக்கு எவ்வளவு வந்தது என்று இருவரும் சேர்ந்து போய் ஏஜண்டை அல்லவா கேட்க வேண்டும்?

பெரிய ஓட்டல்களில் பில்லிலேயே "சர்வீஸ் சார்ஜ்" என்று சேர்த்து வாங்குகிறார்களே, அது நல்லதல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். அதை இஷ்டமில்லாதவரிடம் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. 2025 மார்ச் 28ந் தேதி டில்லி ஹைக்கோர்ட்டும் அது சரி என்று சொல்லிவிட்டது. அதுவரையில் அந்தப் பணத்தில் தொழிலாளிக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்க நம் தேசத்தில் சட்டமில்லை. பிரிட்டனில் 2023இல் சட்டம் செய்து, 2024 அக்டோபர் 1 முதல், டிப்ஸிலும் சர்வீஸ் சார்ஜிலும் முதலாளி தனக்கென்று பிடித்துக் கொள்ளாமல் முழுவதையும் தொழிலாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதற்குக் கணக்கும் வைக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். வரிச் சலுகையைக் காட்டிலும் இது ஆயிரம் பங்கு மேலான சட்டம் என்று சொல்லுவோம்.

நாம் இனாம் கொடுக்கக் கூடாது என்று பிரசாரம் செய்ய வரவில்லை. நாளைக்கே எல்லோரும் நிறுத்திவிட்டால் தொழிலாளி பட்டினி கிடப்பார். முதலாளி சம்பளத்தை உயர்த்த மாட்டான். அமெரிக்காவில் 1909இல் வாஷிங்டன் மாகாணம் டிப்ஸே கூடாது என்று சட்டம் போட்டு, நாலே வருஷத்தில் அதை எடுத்துவிட்டது. கூலியை உயர்த்தாமல் இனாமைத் தடுத்தால் அப்படித்தான் ஆகும். கொடுக்கிறவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். கொடுத்ததற்காக அவரை நாலு தடவை கூப்பிட்டு வேலை ஏவவும், "இந்தா வைத்துக்கொள்" என்று வீசி எறியவும் உங்களுக்கு உரிமை வந்துவிடவில்லை. பெண்கள் பரிமாறுகிற இடங்களில் இருபது ரூபாய் கொடுத்துவிட்டுப் பேச்சை வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அதிகம் பேசினால் நம் வாய்தான் அசுத்தமாகும்.

கடைசியாகச் சில தோழர்கள் கேட்டதற்குப் பதில். முதலாளியின் ஒட்டுப் படத்தில் பில்லோடு சேர்த்து வருகிற டிப்ஸ் உங்களுடையதுதான். அன்றன்றைக்கு எவ்வளவு வந்தது என்று கல்லாவில் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் சொந்தக் கைபேசிக்கு வருவதானால், பொய்க் கணக்கு, அடுத்தவர் கணக்கு என்று ஒளிக்க வேண்டாம். உங்கள் பெயரிலேயே வரட்டும். அதற்கு வரி கிடையாது என்று மேலே கணக்குக் காட்டியிருக்கிறோம். மாதச் சம்பளத்துக்கு எழுத்து மூலமான சீட்டுக் கேளுங்கள். அதில் டிப்ஸைச் சேர்த்து "மொத்தச் சம்பளம் 15,000" என்று எழுதிக் கொடுத்தால், அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டலுக்கு இந்த வருஷத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதைத் தொழிலாளர் இலாகாவில் கேட்டு வாங்கி வர, இங்கு வந்திருக்கிற தோழர்களில் இரண்டு பேர் நாளைக் காலையில் புறப்படுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய பஸ் செலவை இந்தக் கூட்டத்திலேயே வசூலித்துக் கொடுத்துவிட்டு எழுந்திருப்போம். அந்தக் காசு இனாம் அல்ல. அதற்கு ரசீது உண்டு.